வரப்புக்கு அந்தப் பக்கம் தாது

1

இந்தக் கதை கோயமுத்தூரில், ஒரு பஞ்சாங்கக் கடை வாசலில் எனக்குக் கிடைத்தது. பங்குனி மாதம். வாங்கின பஞ்சாங்கத்தை ஒரு விவசாயி திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏனுங்க, இதுல தாது வருசம்னு போட்டிருக்குதுங்க. வேற வருசம் இருந்தாக் குடுங்க."

"வரப்போற வருசத்துக்கு இது ஒண்ணுதானுங்க வந்திருக்குது" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

[இங்கிலீஷ் வருஷத்துக்கு எண் உண்டு, போனது போனதுதான். நம் வருஷத்துக்கோ பெயர். அறுபது பெயரும் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். போன தாதுவில்தான் அந்தப் பெரும்பஞ்சம். இப்போது நடப்பது யுவ. சித்திரை பிறந்தால் மறுபடியும் தாது.]

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கிணத்துக்கடவில் வெள்ளியங்கிரிக் கவுண்டர் என்று ஒரு பயந்தாங்கொள்ளி..."

வேண்டாம். கிணற்றுக் கதைக்குக் கிணத்துக்கடவு என்றால் வேண்டுமென்றே வைத்ததுபோல் இருக்கும். பல்லடம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பயந்தாங்கொள்ளி விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

வெள்ளியங்கிரிக்கு ஐந்து ஏக்கர். கிணறு ஒரு மணி நேரம் இறைத்தால் வற்றிவிடும். புதுக் கிணறு வெட்டாவிட்டால் நிலத்தைப் போட்டுவிட்டு மில் வேலைக்குப் போகவேண்டியதுதான். வெட்டும் ஆட்கள் சித்திரையில் வருவார்கள். வேண்டாமென்றால் உடுமலைப்பேட்டைக்குப் போய்விடுவார்கள்.

"தாதுல ஒரு கூடை மண்ணுகூட எடுக்கமாட்டேன்" என்றார் மனைவி சாமியாத்தாளிடம்.

3

பக்கத்துத் தோட்டம் நரசிம்மலு நாயுடுவுடையது. தெலுங்கு வீடு. அவர்களுக்கு யுகாதி அன்றைக்கே வருஷம் பிறந்துவிடும். அதாவது நமக்கு மூன்று வாரம் முந்தி.

சாமியாத்தாள் வரப்பில் நின்று கூப்பிட்டாள். "ஏனுங்க நாயுடு, உங்கூட்டுக்குத் தாது வந்துருச்சுங்களா?"

"போன வாரமே வந்துருச்சுங்க அம்மணி. வேப்பம்பூப் பச்சடி தின்னுபோட்டுச் சௌக்கியமா இருக்குது."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வரப்புக்கு அந்தப் பக்கம் தாது, இந்தப் பக்கம் யுவ. நம்ம மாடு அங்க போய் மேஞ்சுட்டு வந்தா எந்த வருசத்துப் பாலுங்க கறக்கும்?"

நாயுடு சிரித்தார். வெள்ளியங்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்கய்யன் போன தாதுலதான் கெணறு வெட்ட ஆரம்பிச்சாரு. மழை பொய்ச்சுப்போச்சு. வெட்டறவங்களுக்குக் கூலியாக் குடுக்கக் கம்பு இல்ல. பாதியில நின்னுபோச்சு. எனக்கு முன்னால பொறந்த ரெண்டு பேரையும் அந்தக் குழியிலதான் போட்டு மூடினாங்களாம்."

4

இங்கே பேனா நின்றுவிட்டது. அவரைக் கேலி செய்து எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். அதில் ஒரு வாக்கியம் நன்றாகவே இருந்தது: "அவர் பஞ்சாங்கத்தைத் தொட்டால்கூடக் கை கழுவி..." போகட்டும்.

சாமியாத்தாள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். பிறகு, "இன்னைக்குப் பங்குனி இருபதுங்க. நம்மூட்டுக்கு இன்னும் பத்து நாளு யுவதான்" என்றாள்.

"ஆள் வரச் சித்திரை ஆகுமே, புள்ள."

"ஆரம்பிக்கறதுக்கு ஆள் எதுக்குங்க? நாம ரெண்டு பேரில்லையா?"

கடப்பாரையை எடுத்துவர அவளே போனாள். நாயுடு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்போரம் வந்து தயங்கினார். "நான் வந்தா எங்கூடத் தாதுவும் வருமேங்க, கவுண்டரே?"

வெள்ளியங்கிரி அவரையும் மண்வெட்டியையும் பார்த்தார்.

"அதை வரப்புலயே விட்டுப்போட்டு வாங்க" என்றார்.

5

முடிவு. (அ) முப்பதடியில் ஊற்று. வாசகர்களுக்குப் பிடிக்கும், ஆனால் பத்து நாளில் மூன்று பேர் முப்பதடி வெட்டமுடியாது. (ஆ) பாறை. எனக்கு மனம் வரவில்லை. (இ)

இன்று பங்குனி இருபத்தெட்டு. குழி இடுப்பளவு ஆகியிருக்கிறது. மண் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. ஆட்களை வரச் சொல்லி வெள்ளியங்கிரியே ஆள் அனுப்பிவிட்டார். இதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் யுவ வருஷத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது தாது பிறந்திருக்கும். நீங்கள் அதற்குள் இருந்துகொண்டு வாசிக்கிறீர்கள்.

நீங்களே சொல்லுங்கள். உங்கள் பக்கம் மழை எப்படி?