சோம்பேறி விரல்

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு எதிரிதான். என் தம்பி ஆன்செல்மின் வலக்கை மோதிர விரல். மற்ற விரல்கள் பியானோவில் பறக்கும்போது அது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. மனிதப் பிறவி எல்லாருக்கும் அந்த விரல் அப்படித்தான். கடவுள் பியானோ வாசித்ததில்லை, அதுதான் கோளாறு என்பார் அப்பா.

அப்பா டிராவுகாட் லேனர்ட், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவந்தார். பாரிஸிலிருந்து வரும் வித்வான்களின் கையுறைக்காகச் சீமாட்டிகள் அடித்துக்கொண்ட காலம் அது. கச்சேரி முடிந்ததும் மாணவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே வித்வானை வீடுவரை இழுத்துப்போவார்கள். அந்த மரியாதை தன் மகனுக்கும் வேண்டும் என்று அப்பாவுக்கு வெறி. ஆன்செல்மின் கச்சேரிக்கு மண்டபம் பேசி முடித்த கையோடு, வண்டி இழுக்கப்போகும் மாணவர்களுக்கு முன்கூட்டியே பீரும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஆன்செல்ம் வாசிக்க இருந்தது அவனே எழுதிய இசை. அதன் கடைசிப் பக்கத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மாறி மாறி நடுங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கேதான் தினமும் இடறினான். அந்த இடத்தை மாற்றி எழுதேன் என்று நான் சொன்னதற்கு முறைத்தான். மனத்துக்குள் கேட்டதை மாற்றுவது பாவமாம். அந்தக் காலத்து இசைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

எனக்கு அந்த இசை முழுதும் மனப்பாடம். மேடையேறிய பெண்ணை எவன் கட்டுவான் என்று அப்பா எனக்குப் பியானோவை மூடிவிட்டதால், பக்கத்து அறையில் தையலுக்கு நடுவே மேசை விளிம்பில் வாசித்துக்கொள்வேன்.

அப்போதுதான் டாக்டர் வைக்கர்ட் வந்து சேர்ந்தார். பிணங்களை அறுத்துப் படிப்பதில் பெயர் வாங்கியவர்.

"ஒரு சின்ன நார் இந்த விரலைப் பக்கத்து விரலோட கட்டிப்போட்டிருக்கு. அதை அறுத்துட்டா போதும்," என்றார். "பிணங்கள்ல பண்ணிப் பாத்தாச்சு. ஒண்ணுகூட குறை சொல்லல."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

பயமில்லையா என்று ஆன்செல்மைத் தனியாகக் கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு ஒட்டீலியா," என்றான். "ஆனா அந்தக் கடைசிப் பக்கத்தைச் சரியா கேக்காமலே செத்துப்போறதுக்கு இது தேவலை."

டாக்டர் பிண அறையிலிருந்து நேராக வந்தார். கத்தியைத் தன் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு, புறங்கையில் சின்னதாக ஒரு கீறல் போட்டார். விரல் அன்று மாலையே உயரமாக எழும்பியது. அப்பா அழுதுவிட்டார். அடுத்த நாள் கை வீங்கியது, பிறகு முழங்கைவரை சீழ் பிடித்தது. ஜுரத்தில் ஆன்செல்ம் அந்தக் கடைசிப் பக்கத்தையே முனகிக்கொண்டு கிடந்தான். எப்படியோ உயிர் பிழைத்தான். ஆனால் உள்ளங்கைக்குள் மடங்கிய விரல்கள் பிறகு நிமிரவே இல்லை.

கச்சேரிக்கு டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் என் ஞாபகம் வந்தது. என் கலியாணக் கவலை எங்கே போனதோ தெரியவில்லை.

"உனக்கு அது மனப்பாடமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நீ வாசி."

வாசித்தேன். மண்டபமே எழுந்து நின்றது. பீர் குடித்த மாணவர்கள் நன்றி மறக்காமல் குதிரைகளை அவிழ்த்தார்கள். அப்பா வண்டியில் எழுந்து நின்று, ஏதோ தானே வாசித்ததுபோல் தொப்பியை ஆட்டிக்கொண்டு வந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுபோல ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

மறுநாள் காலை காப்பி வேளையில் ஆன்செல்ம் இடக்கையால் கோப்பையைப் பிடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டான்.

"கடைசிப் பக்கம் எப்படி வந்துச்சு?"

அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை. "அந்த இடத்துல கொஞ்சம் இடறிட்டேன்," என்றேன்.

அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். என் வலக்கையை எடுத்து மேசைமேல் விரித்து, மோதிர விரலை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"சோம்பேறி," என்றார் செல்லமாக. "வைக்கர்ட் ஊர்லதான் இருக்காரு, இல்ல?"

"கையை எடு, ஒட்டீலியா," என்றான் ஆன்செல்ம்.

என் காதில் இன்னும் கைதட்டல் ஓயவில்லை. நான் கையை எடுக்கவில்லை.