அமாவாசைச் சுண்ணாம்பு

வாடிப்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கிணறு வற்றியதும், என் தங்கை மகள் ராமக்காள் மேல் பழியைப் போட்டார்கள். செத்தவள் மேல் பழி போடுவது சுலபம், திருப்பிப் பேசமாட்டாள் பாருங்கள்.

அவள் அந்தக் கிணற்றில்தான் தவறி விழுந்து செத்தாள். தீட்டுக் கழிய ஊரார் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினார்கள். பயம் விடாமல், அமாவாசைக்கு அமாவாசை கொட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் செத்த முப்பத்தாறாம் வருஷம் ஊற்று சுருங்கியது. கிணற்றுப் பாறையிலிருந்து ஒரு பெண் விசும்புவது போலச் சத்தம் வந்தது. எனக்கும் கேட்டது, பொய் சொல்லமாட்டேன்.

“அவதான்டா ஊத்த அடைச்சிட்டா விருமாண்டி. ஆடிக்குள்ள தண்ணி வரலைன்னா அவ ஆத்தா ஊர விட்டுப் போயிரணும்” என்றார் என்னிடம் நாட்டாமை மொக்கைச்சாமி. என் தங்கை அன்னக்கொடி அந்தி சாய்ந்தால் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மதுரைக் கல்லூரி ஒன்றில் கல்லைப் பற்றிப் பாடம் நடத்தும் பஞ்சாபகேசன் சாரைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் இறங்கி, பாறைமேல் படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுத்தியலால் பெயர்த்தார். அடியில் கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள்.

“இது டோலமைட். சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள புதைஞ்சப்புறம் இப்படி மாறியிருக்கு. மாறறச்சே விழுந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி வரது. நீங்க கொட்டினது அதுக்குள்ளயே கல்லா உறைஞ்சு அடைச்சுடுத்து. மிச்சச் சந்துல காத்தும் தண்ணியும் முட்டறதுதான் இந்தச் சத்தம். செதுக்கி எடுங்கோ.”

செதுக்கினோம். பொருக்கோடு ஒரு கண்ணாடி வளையல் துண்டும் வந்தது. அதைச் சுற்றியும் கல் வளர்ந்திருந்தது. அப்புறம் தண்ணீர் பீறிட்டது. ஊரே குலவையிட்டது. மொக்கைச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வளையலைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் நின்னுருச்சாண்ணே?”

“நின்னுருச்சு ஆத்தா. இனி உன்னைய யாரும் போகச் சொல்லமாட்டாக.”

“தெனமும் எம்மக குரலக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இனி இங்க எனக்கு யாருண்ணே இருக்கா?”

மறுநாள் விடியுமுன் யாரும் போகச் சொல்லாமலே ஊரை விட்டுப் போய்விட்டாள். தேடாத இடமில்லை.

இப்போது அந்தி சாய்ந்தால் நான் போய் உட்காருகிறேன். தண்ணீர் ததும்பி நிற்கிறது. காதைத் தீட்டிக் கேட்டாலும் ஒரு சத்தமும் இல்லை.