மாப்பிள்ளையின் டிஸ்க்கைப் பிடுங்கிய மச்சான்

மாப்பிள்ளை டிரைவர் எழுதுகிறவர். மாமனார் காதில் 'டிரைவர்' மட்டும் விழுந்ததால், எந்த வண்டி என்று இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அது, கம்ப்யூட்டரின் மையமான கெர்னலுக்கும் ஒரு டிஸ்க்குக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்தும் நிரல். அந்த டிஸ்க்கும் நிஜமில்லை. பெரிய சர்வருக்குள் கற்பனையாக ஓடும் குட்டிக் கம்ப்யூட்டரில், கற்பனையாகச் செருகப்பட்டது.

அதே அறையில், எதிர் மேஜையில், மனைவியின் அண்ணன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டிஸ்க்கை உருவிப் பார்ப்பது அவர் வேலை. அலுவலகமே அவரைப் 'பிடுங்கி' என்றுதான் கூப்பிடும். அதில் அவருக்கு வருத்தமில்லை. விசிட்டிங் கார்டிலும் போடச்சொல்லிக் கேட்டவர்.

அன்று காலை பிடுங்கி டிஸ்க்கை உருவினார். கெர்னல் குப்புற விழுந்தது.

"மாப்ளே, செத்துருச்சு."

"என்ன பண்ணீங்க மச்சான்?"

"உருவினேன். அதுக்குத்தானே சம்பளம்."

டிஸ்க் போனதும் மாப்பிள்ளையின் நிரல் அதற்கான மெமரியை உடனே காலி செய்திருந்தது. அந்த டிஸ்க்கைப் பாதி படித்துக்கொண்டிருந்த வேறொரு நிரல், இடித்துத் தள்ளிய வீட்டுக்குள் லைட் போடப் போனது. அவ்வளவுதான்.

மதியம் வாடிக்கையாளர் வருகிறார். அவர் முன்னால் இதே டிஸ்க்கைக் கழற்றிக் காட்டவேண்டும். மாப்பிள்ளை அவசரமாக ஒரு வேலை செய்தார்: டிஸ்க்கைத் திறந்து பிடித்திருக்கும் நிரல்கள் எல்லாம் விடும்வரை கழற்றல் காத்திருக்கும்.

பிடுங்கி மறுபடி உருவினார். எதுவும் விழவில்லை. எதுவும் நடக்கவும் இல்லை. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தார். கட்டளை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"எவனோ விடமாட்டேங்கறான்," என்றார்.

தேடியதில் அகப்பட்டவர் மேனேஜர். அவர் கைப்பட எழுதிய நிரல் ஒன்று டிஸ்க்கைத் திறந்துவைத்துக்கொண்டு, அதன் வெப்பநிலையை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், அந்த டிஸ்க்கே நிஜமில்ல. அதுக்கு ஏது சூடு?" என்றார் மாப்பிள்ளை.

"என் சகலை வேலையே பார்க்கறதில்ல. அவரே எவ்ளோ சூடா இருக்கார் தெரியுமா? அதெல்லாம் நிறுத்த முடியாதுப்பா."

நொந்துபோய் மாப்பிள்ளை மனைவிக்கு போன் போட்டார்.

"உங்க அண்ணன் என் உசுரை வாங்கறார்."

"சின்ன வயசுல நான் உட்காரும்போது நாற்காலியை இழுப்பான். அதுக்கே இப்ப காசு தர்றாங்களா?"

போனை வைத்தபோது பிடுங்கி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விடாதவனை ஏன் கெஞ்சணும் மாப்ளே? டிஸ்க் போயிருச்சுன்னு பட்டுனு சொல்லிடுங்க. அவன் பிடிச்சுட்டே இருக்கட்டும்."

"அப்ப மெமரி?"

"கடைசி ஆளும் கையை எடுத்தப்புறம் காலி பண்ணுங்க."

சாப்பாட்டை மறந்து இருவரும் எழுதினார்கள். முதலில் 'போய்விட்டது' என்று ஒரு குறி. அதன்பின் புதிதாக வருபவர்களுக்கு அனுமதி இல்லை. பாதியில் நிற்கும் வேலைகளுக்குப் பிழை என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது. மெமரி கடைசியில்தான். குறியை முதலில் போடுவதா, பாதி வேலைகளை முதலில் அனுப்புவதா என்று ஒரு சண்டை. மச்சான் சொன்னபடி குறிதான் முதலில் என்று முடிந்தது. இல்லாவிட்டால் ஒருவனை அனுப்பும்போதே இன்னொருவன் நுழைவான். மாப்பிள்ளைக்கு அதை ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

மதியம் வாடிக்கையாளர் தன் கையாலேயே கழற்றினார். டிஸ்க் போனது, கெர்னல் அசையவில்லை. மாப்பிள்ளை மூச்சு விடுவதற்குள், மேனேஜரின் திரையில் டிஸ்க்கின் வெப்பநிலை மைனஸ் பத்தொன்பது என்று வந்தது. கெர்னல் கொடுத்தது பிழை எண். 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று அதற்குப் பொருள். மேனேஜரின் நிரல் அதை டிகிரியாக எடுத்துக்கொண்டது.

வாடிக்கையாளர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இவ்ளோ குளிர்ச்சியா? எப்படிப் பண்றீங்க?"

"இவங்க ரெண்டு பேரோட ஐடியா சார்," என்றார் மேனேஜர், கூசாமல்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படிக்கட்டுவரை வந்துவிட்டார்கள். அங்கே பிடுங்கிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.