எழுதிவைத்த தீர்ப்பு

நடுவர் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தபோது, நாலு பக்கத் தீர்ப்பு என் சட்டைப்பையில் மடித்தபடி இருந்தது. வழக்கு இன்னும் தொடங்கவில்லை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை; நியூசிலாந்தில், ஓக்லண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்து வழக்காடு மன்றத்துக்கு எந்த நடுவரும் தீர்ப்பை எழுதாமல் வந்ததில்லை. இரண்டு பக்கமும் பேசி முடிந்ததும் எழும்பி, அப்போதுதான் யோசிப்பதுபோல நெற்றியைத் தடவிவிட்டு, பாடமாக்கியதைச் சொல்லவேண்டும். நெற்றி தடவுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

வருசத்தில் மற்ற நாளெல்லாம் நான் பென்ரோஸில் பெயின்ட் தகரங்களுக்கு லேபல் ஒட்டுகிறவன். சோதிலிங்கம் என்ற பெயர் சூப்பர்வைசரின் வாயில் நுழையாமல் 'ஜோ' என்றாகி மூன்று வருசம். இந்த ஒரு ஞாயிறு மத்தியானம் மட்டும், மவுண்ட் வெல்லிங்டனில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், நான் நடுவர் ஐயா. என் தீர்ப்புரையைக் கேட்கவே தூரத்து மனுரேவாவில் இருந்தெல்லாம் சனம் வரும். வீடியோவில் எடுத்து ரொறன்ரோவில் உள்ள தம்பிக்கும் அனுப்புவோம். அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் நான் மிச்ச வருசத்தைத் தள்ளுகிறேன் என்று என் மனைவி புஷ்பவதி சொல்வாள். அவள் சொல்வது சரி.

அந்த வருசத்து வழக்கு: 'சோக்கிரட்டீசைக் கொன்றது பேச்சுக்கலையே.' இரண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முன் ஏதென்ஸ் சந்தையில் வெறுங்காலோடு நின்று போறவர் வாறவரையெல்லாம் கேள்வி கேட்ட ஒரு கிழவரை, ஐந்நூறு பேர் கூடிய சபையில் சிலர் பேசிப் பேசியே குற்றவாளியாக்கி நஞ்சு குடிக்க வைத்தார்கள். பேச்சுக்கலை அதற்குப் பொறுப்பா? பொறுப்பில்லை என்பது என் தீர்ப்பு. கத்தி என்ன செய்யும், பிடித்த கைதானே குற்றவாளி என்று தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் நஞ்சுக் கிண்ணம் வரும்போது சபை அழவேண்டும். தகரங்களுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்த அன்று நாலு லேபலைத் தலைகீழாக ஒட்டினேன்.

பேச்சுக்கலைக்காக வாதாட வந்தவர் வரதராஜன். எங்கள் பேச்சாளர்கள் சீட்டுக் குலுக்கித்தான் பக்கம் எடுப்பது வழக்கம்; வரதராஜனுக்கு எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்றுதான், வெல்லுவார். குற்றம் சாட்டவேண்டிய ஆனந்தராசாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகக் காலையில்தான் யோகராணியைப் பிடித்து ஏற்றியிருந்தார்கள். தையல் ஃபாக்டரியில் வேலை செய்கிறவ, வழக்கமாக மேடைக்குப் பின்னால் ரோல்ஸ் பொரிப்பா. தலைப்பு அறிவித்த அன்றே லைப்ரரியில் போய்ப் புத்தகம் எடுத்து வாசித்தவ இவ மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வரதராஜன் இருபது நிமிசம் பொழிந்து தள்ளினார்; அவரும் என்னைப்போலக் கத்தியில்தான் தொடங்கினார். கைதட்டு ஓய்ந்தபின் யோகராணி எழும்பினா. கையில் கேள்விகள் கிறுக்கிய ஒரு பழைய கடித உறை.

"எனக்குப் பேசத் தெரியாது. கேள்வி கேக்கலாமோ?"

குறுக்கு விசாரணை விதியிலே உண்டு. நான் தலையாட்டினேன்.

"வரதண்ணை, சீட்டுக் குலுக்கேக்க மற்றப் பக்கம் விழுந்திருந்தா, பேச்சுக்கலை குற்றவாளியெண்டு பேசியிருப்பீங்களோ?"

"ஓம் தங்கச்சி. அதுதானே கலை."

"வெண்டிருப்பீங்களோ?"

"அதிலென்ன சந்தேகம்." சபை கைதட்டியது.

"ஏதென்ஸில சோக்கிரட்டீசுக்கு எதிரான சீட்டு விழுந்திருந்தா?"

"பேசித்தான் இருப்பன்."

"வெண்டும் இருப்பீங்கள்."

யோகராணி உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெற்றிலை விலை கேட்பவள்போலச் சாதாரணமாகக் கேட்டா: "அப்ப கத்தி எண்டு எப்பிடிச் சொல்றது? கத்தி தன்னைப் பிடிக்கிற கையை மயக்காது. பேச்சு, கேக்கிறவையின்ர கையையுமெல்லே தனக்காகத் தூக்க வைக்குது?"

என் முதல் பக்கம் போய்விட்டது. இருந்தாலும் மூன்றாம் பக்கம் இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"கடைசிக் கேள்வி. அந்த ஐந்நூறு பேரும் கேக்க முந்தியே முடிவெடுத்திட்டு வந்திருந்தா, அதுக்குப் பேர் வழக்கோ?"

அவவுக்கு எங்கள் வழமை தெரியாது. மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. முன்பு ஒருமுறை தானும் நடுவராக இருந்த வரதராஜன் மட்டும் இருமினார்.

என் முறை வந்தது. எழும்பி நெற்றியைத் தடவினேன். இந்தமுறை உண்மையாகவே வியர்த்திருந்தது. முன்வரிசையில் புஷ்பவதி கைக்குட்டையை மடியில் விரித்து அழத் தயாராக இருந்தாள். வீடியோவின் சிவப்பு லைட் எரிந்தது. பொய் சொல்லக்கூடாது, எழுதிவைத்ததைச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். ஒரு வருசத்துச் சாப்பாடு அது. சொல்லியிருந்தால் சபையும் அழுதிருக்கும். யோகராணி சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே நான் வென்றிருப்பேன்.

"பேச்சுக்கலை குற்றவாளி," என்றேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான் எழுதிக்கொண்டு வந்த தீர்ப்பு வேற. அது பிழை."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துபோன சிரிப்பு.

"காரணம் சொல்லவேணும், நடுவர் ஐயா," என்றார் வரதராஜன்.

"தெரியாது. கேட்டன், சரியாப் பட்டுது."

முந்நூறு பேருக்கு முன்னால் தெரியாது என்று சொன்னால் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தபோது உடம்பில் ஒரு பாரமுமில்லை.

ஐந்து மணிக்கு மண்டபத்தை விடவேண்டும். சனம் போகாமல் கார் நிற்கும் இடத்தில் குட்டி குட்டிக் கூட்டமாக நின்று கதைத்தது. தூறல் தொடங்கியும் கலையவில்லை. காரில் ஏறிய புஷ்பவதி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வீட்டில சொல்லிக் காட்டேக்க அந்தக் கிண்ணம் வாற இடம் வடிவா இருந்தது," என்றாள். "பரவாயில்லை. இண்டைக்குத்தான் உங்களைப் பாக்க வாத்தியார் மாதிரி இல்லை." சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

கண்ணாடிக்கு வெளியே வரதராஜன் யோகராணியிடம் எதையோ கேட்டுவிட்டு, நனைந்துகொண்டு, பதிலுக்குக் காத்து நின்றார். வரதராஜன் பேசாமல் நின்றதை அன்றுதான் கண்டேன். யோகராணி யோசித்தா, தெரியாது என்று தலையாட்டினா, எங்கள் காரைக் காட்டினா. அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணை, இறங்குங்கோ. இவவைக் கேட்டன், அநியாயம் செய்யிறவன் பாவமோ, அனுபவிக்கிறவன் பாவமோ எண்டு. ரெண்டு பேருக்கும் தெரியேல்லை."

"எனக்கும் தெரியாதே."

"அதாலதான் கூப்பிடுறம்."

புதுச் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் புஷ்பவதியின் காலடியில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து, வெறுங்காலோடு ஈரப்புல்லில் இறங்கினேன்.