முதல் இரண்டு வரி

அம்மா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை இழுத்துக் கழுத்துக்குத் தள்ளிவிட்டு, "இரு, இரு. இதுதான் அது" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த பெண்மணியின் செல்போனில் ஏதோ ஒரு இசை நாடகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகள் குழாயைத் திரும்ப மாட்டுவதற்குள் அம்மா போர்வையில் விரலால் தாளம் போட்டு, பாதி மூச்சில் மெட்டை முனகி, அது இன்னொரு நாடகத்தில் கல்யாணக் காட்சிக்கு வரும் பாட்டேதான் என்று நிரூபித்துவிட்டாள். இடுப்புக்காரப் பெண்மணி செல்போனைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, அட ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள். இனி இன்றோ நாளையோ என்று டாக்டர் முந்தின மாலைதான் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடமும் சொல்லியிருந்தார்.

அம்மா நாடக அரங்கத்தின் உடை அறையில் தையல் வேலை பார்த்தவள். மேடைக்குப் பின்சுவரை ஒட்டிய அறை அது. ஒரு நாடகத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சுவர் வார்த்தைகளைத் தின்றுவிட்டு மெட்டை மட்டும் உள்ளே விடும். அதனால் மற்றவர்களுக்கு ராஜகுமாரியின் தாலாட்டாகவும் திருடனின் குத்துப்பாட்டாகவும் கேட்டவை அவளுக்கு ஒரே பாட்டாகக் கேட்டன. ரெண்டும் ஒரே துணியில் வெட்டினது என்பாள். அரங்கத்தில் அவளுக்கு 'இதுதானது அக்கா' என்று பெயரே வந்துவிட்டது. இசையமைத்தவர்கள் உடை அறைப் பக்கம் வரவே கூச்சப்படுவார்கள்.

அவளோடு மல்லுக்கு நின்றவர் ஒருவர்தான். அவள் தம்பி. அதே அரங்கத்தின் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். ஏழு ஸ்வரத்துக்குள்ளே எத்தனை பேர்தான் குடித்தனம் பண்ணுவது, இடித்துக்கொள்ளத்தான் செய்யும் என்பது அவர் கட்சி. சாப்பாட்டு மேசையில் இருவரும் ஸ்பூனால் தட்டில் தட்டித் தட்டிச் சண்டை போடும்போது மகள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். ஊர் கண்ணைப் பார்க்கிறவளுக்குக் காது இல்லை என்று மாமா கேலி செய்வார். உண்மையும் அதுதான். அவர்கள் ஒன்று என்று சொன்ன எந்த இரண்டு பாட்டும் அவளுக்கு ஒன்றாகக் கேட்டதில்லை.

அன்று மதியம் மாமாவின் நாடகம் அரங்கேறவிருந்தது. காலமெல்லாம் அடுத்தவர் பாட்டை வாசித்தவர், தலை நரைத்த பிறகு முதல்முறையாகத் தானே இசையமைத்திருந்தார். ஒரு சலவைக்கடையில் நடக்கும் கதை. ஒரு பாட்டைக்கூட அக்காவின் காதில் போடவில்லை. அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தால் தான் செத்தேன் என்று அக்கா மகளிடம் சொல்லியிருந்தார்.

காலையில் மகள் அவருக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் கிளாரினெட்டோடு வந்து நின்றார்.

கருவியின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். நர்ஸ் மெதுவாக வாசிக்கும்படி சொல்லிவிட்டுத் தானும் கதவோரம் நின்றுகொண்டாள். இடுப்புக்காரப் பெண்மணி நடுவிலிருந்த திரையை விலக்கச் சொன்னாள். சலவைக்காரி விடியற்காலையில் இஸ்திரி போட்டுக்கொண்டே பாடும் பாட்டு என்று அறிவித்துவிட்டு மாமா வாசித்தார்.

இரண்டாவது வரியில் மகள் நிமிர்ந்தாள். இந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும். பழைய கப்பல் நாடகத்தில் மாலுமி விடைபெறும்போது பாடுவது. அம்மா பித்தான் தைக்கும்போதெல்லாம் முனகுவது. அவள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

வாசித்து முடித்துவிட்டு மாமா கருவியைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு."

"என்னத்த?"

"எது மாதிரி இருக்கு?"

அம்மா ஒரு மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "எது மாதிரியும் இல்லடா."

மாமா நம்பாமல் அக்காவையே பார்த்தார். பிறகு அக்கா மகளைப் பார்த்தார். அவள் குளுக்கோஸ் பாட்டிலில் ஏதோ சரி செய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். அவர் அக்காவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்து ஒருமுறை அழுத்திவிட்டு ஓடினார். பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார்.

காலடிச் சத்தம் அடங்கும்வரை மகள் பொறுத்திருந்தாள்.

"அம்மா. அது மாலுமி பாட்டு."

அம்மா கண்ணைத் திறந்தாள். "என்ன சொன்ன?"

"முதல் ரெண்டு வரி. அப்படியே."

அம்மா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"கல்லுன்னு நெனச்சேன்டி உன்னை" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நர்ஸ் ஓடிவந்து திட்டும்படி ஆனது. நர்ஸ் போனதும் அம்மா, இப்போது இதைக் கேள் என்று ஒன்றை முனகினாள். மகள் தவறாகச் சொன்னாள். அடுத்ததைச் சரியாகச் சொன்னாள். இடுப்புக்காரப் பெண்மணி செல்போனில் ஒவ்வொரு பாட்டாகத் தேடிப் போட்டாள். ஒரு ராணியின் புலம்பலும் ஒரு சோப்பு விளம்பரமும் ஒன்றுதான் என்று மகள் தானாகவே கண்டுபிடித்தபோது அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். விரலில் பலமில்லை. கண்ணெதிரே வீடு முழுக்க யாரோ ஜன்னல்களைத் திறந்துகொண்டே போவதுபோல் மகளுக்குப் படபடவென்றிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு ஞாபகமில்லை.

நடுவில் ஒருமுறை, மாமாவிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டாள்.

"மேடைக்குப் போறவன்கிட்ட அதைச் சொல்லலாமா? வாசிக்கும்போது மாலுமிதான் முன்னாடி நிப்பான். நாளைக்கு..." என்ற அம்மா அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

மதியம் உடை அறையில் இப்போது வேலை பார்க்கும் தையல்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார்கள். அவள் மேடை ஓரத்துக்கே போய்ப் போனைப் பிடிப்பதாகச் சொன்னாள். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். "சுவத்துக்கிட்ட வைக்கச் சொல்லு" என்றாள்.

சுவரைத் தாண்டி மேளமும் தந்தியும் மொத்தையாக வந்தன. சிரிப்பலைகள் வந்தன. அம்மா எதையும் பேசாமல் வாயைக் கொஞ்சம் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சலவைக்காரியின் பாட்டு தொடங்கியதும் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். முதல் வரி மாலுமி. இரண்டாவது வரி மாலுமி. மூன்றாவதில் பிடி இறுகியது.

"பாரு. திரும்பிட்டான்."

"எங்கம்மா?"

"மாலுமி இந்த எடத்துல கீழ எறங்கிடுவான். இவன் ஏறிட்டான்." மூச்சு வாங்கியது. "இது யாரோடதும் இல்ல."

மகளுக்கும் அது கேட்டது. பாட்டு ஏறிக்கொண்டே போய், விழுந்துவிடும் என்று பயப்பட்ட இடத்தில் இன்னும் ஒரு படி ஏறி நின்றது. அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் ஓயவில்லை. மறுபடி பாடச் சொல்லிக் கத்தினார்கள். மறுபடி பாடினார்கள். அந்த இரண்டாம் முறையில், மூன்றாவது வரியைத் தாண்டி எங்கோ, மணிக்கட்டின் மேலிருந்த பிடி தளர்ந்தது. அம்மா கண்ணசந்துவிட்டாள் என்று நினைத்து மகள் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸைக் கூப்பிட்டது இடுப்புக்காரப் பெண்மணிதான்.

நர்ஸும் டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கேட்டாங்களா என்று தையல்காரப் பெண் அதில் விசாரித்தாள். கேட்டார்கள் என்றாள் மகள். பிறகு அம்மா போய்விட்டதைச் சொல்லி, நாடகம் முடியும்வரை மாமாவுக்குத் தெரியவேண்டாம் என்றாள்.

சாயங்காலம் மாமா மாடிப்படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. கறுப்புக் கோட்டு வேர்வையில் ஒட்டியிருந்தது. ரெண்டு தடவை பாட வைத்துவிட்டார்கள் என்று வராந்தாவிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், கதவருகே வந்ததும் நின்றார்.

அக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இடுப்புக்காரப் பெண்மணி திரையைத் தானே இழுத்து மூடிக்கொண்டாள்.

"கேட்டாளா?"

"ரெண்டு தடவையும் போட்டுக் காட்டினேன் மாமா."

"என்ன சொன்னா?"

காலையில் அம்மா சொன்னதையே சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"முதல் ரெண்டு வரி மாலுமி பாட்டு. மூணாவதுல நீங்க திரும்பிட்டீங்களாம். அது யாரோடதும் இல்லையாம்."

மாமா உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்கே தெரியும். மாத்திப் பாத்தேன், முடியல. காலைல அவ ஒண்ணும் இல்லைன்னதும் பயந்துட்டேன். அக்காவுக்குக் காது போயிடுச்சோன்னு."

"நானும் கண்டுபிடிச்சேன் மாமா" என்றாள் மகள். "அம்மா சொல்றதுக்கு முன்னாடியே."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவள் போய் உட்கார்ந்தாள்.

கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டு இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். செய்தி கேட்ட நாடகக்காரர்கள் வேஷம் கலைக்காமல் ஒவ்வொருவராக வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மதியம் பெய்த மழையில் வாசலெல்லாம் தண்ணீர். சலவைக்காரியாக நடித்தவள், உடை அறையில் தைத்த நீளப் பாவாடையின் விளிம்பை இரண்டு கையாலும் கவனமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்து வந்தாள். வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றார்.