காலுக்கு ஒரு மெழுகுவத்தி

அறுபத்தெட்டாம் வருஷம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் கம்பி அறுந்து அடித்ததில் அம்புரோஸுக்கு வலது கால் போயிற்று. ஞானஸ்நானம் வாங்கிய உடம்பைக் குப்பையில் போடுவதா என்று அவன் மனைவி ஃப்ளோரா அந்தக் காலைத் துணியில் சுற்றி, காசிமேட்டுக் கல்லறையில் தன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டாள்.

வம்பு அதற்குப் பிறகுதான். இல்லாத கட்டைவிரல் அரித்தது. தன் ஆன்மாவில் ஒரு துண்டு மாமியாரிடம் மாட்டிக்கொண்டதோ என்று அம்புரோஸுக்குத் தூக்கம் போயிற்று.

“ஆன்மாவாவது கத்திரிக்காயாவது! நரம்புடா” என்றான் உடன் வேலை பார்த்த கிருஷ்ணப்பன். சாமியே இல்லை என்கிற ஆள்.

“அறுத்த நரம்பு எப்டிடா அரிக்கும்?”

கிருஷ்ணப்பன் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான்.

கல்லறைத் திருநாளன்று ஃப்ளோரா அம்மாவுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று மெழுகுவத்தி ஏற்றினாள். கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்ற அம்புரோஸுக்கு அரிப்பு உயிரை எடுத்தது.

“ஐயோ, அந்த வெரலு!”

ஃப்ளோரா குனிந்து, அவன் லுங்கிக்குக் கீழே, கால் இருந்திருக்க வேண்டிய வெறுங்காற்றைச் சொறிந்தாள்.

“இன்னும் கொஞ்சம் கீய, தங்கச்சி” என்றான் துணைக்கு வந்திருந்த கிருஷ்ணப்பன், தன்னை மறந்து.

அரிப்பு நின்றது. அம்புரோஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

“அந்தக் காலு மெழுகுவத்திய அணைச்சிடு, ஃப்ளோரா. அங்க நான் இல்ல. முழுசா இங்கதான் கீறேன்.”