ஒயர் முனையில் ஒரு மூடி

பாலக்கரையில் ஹாஜிரா வீட்டு சோபாவுக்கு ஓர் உறை, அந்த உறைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. ரிமோட்டுக்கும் உண்டு. ஷார்ஜாவிலிருந்து கணவர் ஜெகபர் சாதிக் அனுப்பிய ஹோம் தியேட்டருக்கு மட்டும் உறை போட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த செட்டின் ஒயரைத்தான் மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் மனைவி ருக்ஸார் இரவல் வாங்கிப் போனாள். அவர்கள் டிவியில் சத்தம் வராததற்குக் காரணம் ஒயரா, ஸ்பீக்கரா என்று பார்க்க வேண்டுமாம். மறுநாளே அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஹாஜிரா மாட்டினாள். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. கழற்றிப் பார்த்தாள், டிவியின் ஓட்டைக்குள் சிவப்பு வெளிச்சம் ஒழுங்காகத்தான் எரிந்தது. முன்பு 'டிக்'கென்று உட்கார்ந்த ஒயர் இப்போது முரண்டு பிடித்தது. இது நம்முடையதே இல்லை! நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைத் தலையில் கட்டிவிட்டாள். நேற்று மாடியில் பாட்டு அந்த அலறு அலறியதே! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். காலையில் ருக்ஸார் சிரித்ததுகூட இப்போது கள்ளச் சிரிப்பாகப் பட்டது.

உடனே கணவருக்கு வீடியோ கால் போட்டாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி ஒயர மாத்திட்டா. திருட்டுப் புத்தி!"

போன் லேசாக நகர்ந்தபோதுதான், ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கொழுந்தன் சர்ஃபராஸ், ருக்ஸாரின் கணவன், பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சற்று நேரத்தில் ருக்ஸார் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் அவர்கள் புதிதாக வாங்கிய ஒயர்.

"இதையே வெச்சுக்கங்க லாத்தா."

பழையதை உருவியவள் முனையைப் பார்த்து அப்படியே நின்றாள். இரண்டு முனையிலிருந்தும் உளுந்தளவு பிளாஸ்டிக் மூடிகளை நெம்பி எடுத்து ஹாஜிராவின் கையில் வைத்தாள். கண்ணாடி போல, இருப்பதே தெரியாத மூடிகள்.

"இது வெளிச்சத்துல சத்தம் போற ஒயரு லாத்தா. உங்க பொருள்ல தூசி படக்கூடாதேன்னு என் புது ஒயரோட மூடியப் போட்டுக் குடுத்தேன். எடுக்காம மாட்டிட்டீங்க."

பழைய ஒயரையே திரும்ப மாட்டினாள். 'டிக்.' வீடே அதிர்ந்தது. ஹாஜிராவுக்கு வெட்கமாகப் போயிற்று.

"தெரியாம சொல்லிட்டேன்டி."

"பரவால்ல லாத்தா."

நோன்பு வந்தது. வழக்கம்போல ஹாஜிரா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய் மாடியில் கொடுத்தாள். மறுநாள் வாளியைத் திருப்பிக் கொடுக்க ருக்ஸார் வந்தாள். முன்பெல்லாம் அடுப்படிவரை வருகிறவள், வாசலிலேயே நின்று மூடியைத் திறந்து காட்டினாள்.

"உங்களதுதானான்னு பாத்துக்கங்க லாத்தா."